ஓரறை வீட்டின் விளக்கு

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில் நம்மைப் பேச அழைத்த நண்பர்கள், கல்வியைப் பற்றி எதை வேண்டுமாயினும் பேசலாம் என்றனர். கல்வியின் பெருமையை நமக்கு முன் பேசிய பெரியோர்கள் விரிவாகவே எடுத்துரைத்துவிட்டார்கள். ஆகவே நாம் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கிறோம். அது உள்ளங்கையில் அடங்கிவிடும் மின்விளக்கு. நீங்கள் பல்பு என்று சொல்வது. அதனோடு சேர்ந்த மற்றொன்று, வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் சுவரில் பொருத்தும் திருகு. கடைக்காரர் அதை டிம்மர் என்பார். பல்புக்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். அரையாண்டுத் தேர்வில் அவன் மதிப்பெண் திடீரென்று சரிந்தது. அழைத்துக் கேட்டோம், பேசவில்லை. ஆசிரியர்களின் வழக்கப்படி நாமும் கடிந்துகொண்டோம். தலை குனிந்து நின்றான். "வீட்டில் படிப்பதில்லையா?" என்றதற்கு, "வெளியே படிக்கிறேன் சார்" என்று மட்டும் சொன்னான். அந்தச் சொல் நம் மனத்தை உறுத்தியது. ஒரு மாலை அவன் வீட்டிற்குச் சென்றோம்.

பத்தடிக்குப் பத்தடி கொண்ட ஓரறை வீடு. தந்தை துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி. இரவுப் பணி உள்ள வாரங்களில் மாலை ஐந்து மணிக்குப் படுத்து ஒன்பது மணிக்கு எழுந்து வேலைக்குப் புறப்படுவார். அந்த உறக்கம் கெட்டால் கிரேனுக்குக் கீழே கண் சொக்கும். அது உயிருக்கே ஆபத்து. அதே ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரைதான் பள்ளிப் பிள்ளைக்கும் படிக்கும் நேரம். வீட்டில் இருப்பதோ ஒரு விளக்கு. அது எரிந்தால் தந்தைக்கு உறக்கமில்லை. அணைந்தால் மகனுக்குப் படிப்பில்லை.

இதற்கு ஒரு வழி காண எண்ணிய மாணவனின் மாமன், பழைய பொருள் கடையிலிருந்து ஒரு டிம்மரை வாங்கிவந்து பொருத்தியிருந்தார். எண்ணம் நல்லதுதான். ஆனால் அதில் இணைத்த எல்.இ.டி. பல்பு, வெளிச்சத்தைக் குறைத்தவுடன் நடுங்கத் தொடங்கியது. வண்டு போல் இரைந்தது. அந்த நடுக்கத்தில் படித்த பையனுக்குத் தலைவலி வந்தது. இரண்டு மாதத்தில் மூன்று பல்புகள் போயின. அந்தத் தாய் நம்மிடம், "எல்.இ.டி. பல்பு எல்லாம் ஏமாத்து வேலை சார், பழைய குண்டு பல்பே தேவலை" என்றார். குண்டு பல்பு டிம்மரோடு ஒத்துப்போனது. ஆனால் அடுத்த முறை வீட்டுக்காரர் உள் மீட்டரைப் பார்த்துச் சொன்ன தொகை ஏறியிருந்தது. மேலும், குறைத்து வைத்த குண்டு பல்பின் மஞ்சள் மங்கலில் எழுத்து தெரியவில்லை. முடிவில் பையன் புத்தகத்தோடு தெருவிளக்கின் கீழ்ப் போய் உட்கார்ந்தான். ஒரு பக்கம் கொசு, மறுபக்கம் கன்டெய்னர் லாரிகளின் புழுதியும் இரைச்சலும். அங்கேதான் அவன் கணக்கு சரிந்தது.

அன்பர்களே, அன்று அந்தத் தாய்க்கு நாம் என்ன பதில் சொன்னோம் தெரியுமா? "போலிப் பல்பாக இருக்கும் அம்மா, நல்ல கடையில் வாங்குங்கள்" என்றோம். அது தவறான பதில். அந்தத் தவறு நமக்குப் புதியதன்று. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், நம் இல்லத்திலேயே இதே தவறு நடந்தது. பழைய குண்டு பல்பை எடுத்துவிட்டு, அந்நாளில் பெரிதாகப் பேசப்பட்ட சுருள் வடிவ சி.எஃப்.எல். விளக்கை டிம்மர் இருந்த இடத்தில் மாட்டினோம். சில நாட்களில் அது கருகியது. கடைக்குச் சென்று சினத்தோடு வாதாடினோம். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அட்டைப் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். டிம்மரோடு பயன்படுத்தக் கூடாது என்று சிறு எழுத்தில் அச்சிட்டிருந்தது. வினாத்தாளை இருமுறை படித்துவிட்டு எழுதுங்கள் என்று முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லிவரும் நாம், ஒரு பல்புப் பெட்டியை ஒருமுறை படிக்கவில்லை. அன்று அடைந்த வெட்கத்தை நாமே மறந்துபோனதால்தான் அந்தத் தாய்க்குத் தவறான பதில் சொன்னோம்.

நம்மைத் திருத்தியவர் நம் பழைய மாணவர் ஒருவர். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவில் பயின்று இன்று அத்தொழிலையே செய்து வருபவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மைத் தரையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். கற்பித்தவன் கற்றவனிடம் கற்பதைவிட ஆசிரியனுக்கு வேறு பெருமை உண்டோ? அவர் சொன்னதை நம் சொற்களில் உங்களுக்குச் சொல்கிறோம்.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஒரே சீராக ஓடுவதன்று. காசிமேட்டுக் கரையில் எழுந்து விழும் அலை போல, நொடிக்கு 50 சுற்று, அஃதாவது 100 அரை அலைகளாக அது எழுந்து விழுகிறது. டிம்மர் என்பது அவ்வலைகளின் வழியில் வைத்த கதவு. ஒவ்வோர் அரை அலையிலும் முற்பகுதியை மறித்துவிட்டு எஞ்சியதைத் திறந்துவிடுகிறது. திருகைத் திருப்பத் திருப்ப, மறிக்கும் பகுதி கூடுகிறது. விளக்குக்குச் செல்லும் மின்சாரம் குறைகிறது.

குண்டு பல்பு இதைப் பொருட்படுத்துவதில்லை. அதனுள் இருப்பது பழுக்கக் காய்ந்த ஒரு கம்பிச் சுருள். அடுப்பைக் கணநேரம் தணித்தாலும் தோசைக்கல் சூடாகவே இருப்பது போல, அலையின் ஒரு பகுதி வராவிட்டாலும் சுருள் ஒரே சீராக ஒளிர்கிறது. எல்.இ.டி., சி.எஃப்.எல். விளக்குகள் அத்தகையன அல்ல. அவற்றின் அடிப்பகுதிக்குள் ஒரு சிறு மின்னணுச் சுற்று இருக்கிறது. வரும் அலையை வாங்கித் தன் விளக்குக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுப்பதே அதன் வேலை. முழு அலை வரும் என்று நம்பி அமைக்கப்பட்ட அச்சுற்றுக்கு வெட்டுண்ட அலை வந்தால், ஒவ்வொரு முறையும் கதவு திறந்தவுடன் மின்சாரம் ஒரே பாய்ச்சலாகப் பாய்கிறது. சுற்று சூடேறுகிறது, அதிலுள்ள உறுப்புகள் தளர்ந்து கெடுகின்றன. நடுக்கமும் இரைச்சலும் அதன் முன்னறிவிப்புகள்.

மற்றொரு காரணமும் உண்டு. குண்டு பல்புகளுக்கென்று செய்த பழைய டிம்மர்கள் சரியாக இயங்க ஒரு குறைந்த அளவு சுமை வேண்டும். 60 வாட், 100 வாட் பல்புகளுக்கென்று செய்த கருவியில் 9 வாட் எல்.இ.டி. பல்பை மாட்டினால் என்ன ஆகும்? துறைமுகச் சாலையில் லாரிகளை எடை பார்க்கும் எடைமேடையில் பள்ளிச் சிறுவன் ஏறி நின்றது போலத்தான். மேடைக்கு ஆள் நிற்பதே தெரிவதில்லை. டிம்மரின் கதவும் திறந்து நிற்காமல் படபடக்கிறது. விளக்கு கண் சிமிட்டுகிறது. ஆகவே மூன்று பல்புகள் போனதற்குப் பல்பும் காரணமன்று, கடையும் காரணமன்று. பொருந்தாத இரண்டை இணைத்ததே காரணம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். கணக்கு என்றால் அஞ்ச வேண்டாம். பெருக்கத் தெரிந்தால் போதும். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். 60 வாட் குண்டு பல்பு நாளைக்கு 5 மணி நேரம் எரிந்தால், மின்கணக்கு எடுக்கும் 60 நாட்களில் 18 யூனிட். ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்பு அதே நேரம் எரிந்தால் 2.7 யூனிட். ஒரே விளக்கில் 15 யூனிட்டுக்கு மேல் மிச்சம். குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது என்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

டிம்மரால் குறைத்தால் அதே விகிதத்தில் மின்சாரமும் மிச்சமாகும் என்று பலர் எண்ணுகின்றனர். குண்டு பல்பில் அது பொய்க்கணக்கு. வெளிச்சத்தைப் பாதியாக்கினாலும் மின்செலவு ஏறத்தாழ முக்கால் பங்கு அளவிலேயே நிற்கும். ஒளி விரைவாகக் குறைகிறது, செலவு மெதுவாகவே குறைகிறது. எல்.இ.டி. விளக்கில் ஒளி குறையக் குறையச் செலவும் ஏறத்தாழ அதே அளவில் குறையும் என்பது உண்மை. ஆயினும் 9 வாட்டில் பாதியை மிச்சம் பிடித்தாலும் இரண்டு மாதத்திற்கு ஒன்றரை யூனிட்டை எட்டாது. ஆகவே ஒன்றை மனத்தில் இருத்துங்கள். மிச்சம் செய்வது பல்பு, டிம்மர் அன்று. டிம்மர் கண்ணின் வசதிக்கான பொருள்.

நம் வீடுகளில் இன்னொரு பொய்க்கணக்கும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ. பழைய கண்ணாடி வகை ஜீரோ வாட் பல்பு உண்மையில் 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். 15 வாட் என்று கொண்டு இரவு பத்து மணி நேரம் எரியவிட்டால் இரண்டு மாதத்தில் 9 யூனிட். அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கிற்கு அதே கணக்கில் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. பெயரை நம்பிப் பொருளை வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

தமிழக அரசு 2016-ஆம் ஆண்டில் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட்டைக் கட்டணமின்றி வழங்க ஆணையிட்டது. பிறகு எதற்கு இந்தக் கணக்கு என்று நீங்கள் கேட்கலாம். தன் பெயரில் இணைப்பு உள்ளவர்க்கு அந்தக் கேள்வி பொருந்தும். நம் மக்களில் பலர் வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டுக்காரர் உள் மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் வீடுகள் எத்தனை என்பதை இங்கே கையுயர்த்தச் சொல்லாமலே நாம் அறிவோம். அவ்வீடுகளில் 15 யூனிட் என்பது பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு.

அப்படியானால் ஓரறை வீட்டில் என்ன செய்வது? அந்த எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னவற்றை வரிசைப்படுத்துகிறோம்.

முதலாவது, டிம்மர் உள்ள இடத்தில் சாதாரண எல்.இ.டி., சி.எஃப்.எல். பல்புகளை மாட்டாதீர்கள். பெட்டியின் மேல் "டிம்மபிள்" என்று அச்சிட்ட எல்.இ.டி. பல்பையே வாங்குங்கள். டிம்மரும் எல்.இ.டி. விளக்கிற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பணம் வீண்.

இரண்டாவது, மின்விசிறியின் ரெகுலேட்டரை ஒருபோதும் விளக்கிற்கு இணைக்காதீர்கள். அது வேறு வேலைக்குச் செய்த கருவி.

மூன்றாவது, டிம்மரே இல்லாமல், சாதாரண ஸ்விட்சை அணைத்து உடனே மீண்டும் போட்டால் படிப்படியாக வெளிச்சம் குறையும் எல்.இ.டி. பல்புகள் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல். ஆனால் சுவரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. வாடகை வீட்டிற்கு ஏற்றது.

நான்காவது, எல்லாவற்றினும் எளியது, ஒரு விளக்கைக் குறைப்பதற்குப் பதில் இரண்டு விளக்குகளை வைத்துக்கொள்வது. அறைக்கு அரை வாட் இரவு விளக்கு. படிப்பவனுக்கு மட்டும், மூடியிட்டு ஒளியைப் புத்தகத்தின் மேல் விழச் செய்யும் 5 வாட் மேசை விளக்கு. நாளைக்கு நான்கு மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்திற்கு 1.2 யூனிட்தான். படிக்கும் விளக்கை மட்டும் ஒருபோதும் மங்கலாக்காதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பிள்ளையின் கண் அன்று.

ஐந்தாவது, சி.எஃப்.எல். விளக்கிலும் டியூப் லைட்டிலும் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு, கையால் தொடாமல் அட்டையால் அள்ளுங்கள். குப்பையோடு குப்பையாகப் போட்டால் அது கொடுங்கையூருக்குத்தான் போய்ச் சேரும். அங்கே குப்பை பொறுக்குவோரும் நம் மக்களே.

ஆறாவது, மின்வேலையை மெயினை அணைத்துவிட்டு, தெரிந்தவரைக் கொண்டே செய்யுங்கள். கடலோர உப்புக்காற்றில் நம் பகுதி ஹோல்டர்களும் கம்பி முனைகளும் விரைவில் அரித்துப்போகின்றன. மாமன் செய்தார், மச்சான் செய்தார் என்பது உயிரோடு விளையாடுவது.

அந்த மாணவன் வீட்டில் நான்காவது வழியைக் கைக்கொண்டோம். டிம்மரை எடுத்துவிட்டு, மூலையில் சுவரைப் பார்த்தவாறு ஒரு பலகையும் மூடியிட்ட விளக்கும் வைத்தோம். தந்தை முதல் நாள் மாலை படுத்தவர், ஒன்பது மணிக்கு மனைவி எழுப்பும் வரை புரளவில்லை என்று அந்தத் தாய் சொன்னார். பையன் தேர்ச்சி பெற்றான், பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். விளக்கினால்தான் தேறினான் என்று நாம் சொல்லமாட்டோம்; அவன் உழைப்பால் தேறினான். அவன் உழைப்பைத் தெருவிலிருந்து வீட்டிற்குள் கொண்டுவந்தது மட்டுமே விளக்கின் வேலை.

ஓரறை வீட்டில் ஒருவர் படிக்க ஒருவர் உறங்கும் இந்தச் சிக்கல் நம் சமுதாயத்திற்குப் புதியதா? பம்பாய் பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பின் ஒரே அறையில் அண்ணல் அம்பேத்கர் மாணவராக வாழ்ந்தார். இருவரும் ஒரே நேரத்தில் படுக்கவும் அவ்வறையில் இடமில்லை. தந்தையார் இராம்ஜி மகனை முன்னிரவில் உறங்கவைத்து, தாம் இரண்டு மணி வரை விழித்திருப்பார். பின்னர் மகனை எழுப்பிப் படிக்கவைத்து, மகன் படுத்த இடத்தில் தாம் படுப்பார். கண்ணாடிக் கூடில்லாத மண்ணெண்ணெய் விளக்கின் ஆடும் சுடரில் அவர் படித்தார். 1907-இல் மெட்ரிக்குலேஷன் தேறினார்.

அவரே 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காவிட்டால் தொழில் வளராது, தொழில் வளராவிட்டால் மக்கள் வறுமையிலிருந்து மீளமாட்டார்கள் என்று 1943-இல் அவர் எடுத்துரைத்தார். நாட்டின் மின்வளர்ச்சியைத் திட்டமிட 1944-இல் மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் அமைந்ததும் அவர் காலத்தில்தான். ஆடும் சுடரில் படித்த சிறுவன், நாட்டின் விளக்குகளுக்கே திட்டமிடும் இடத்தில் அமர்ந்தார். அவர் பெயரைச் சொல்லும் நாம் மின்சாரத்தை அறியாதவர்களாக இருக்கலாமா?

நம்மைப் போல் மின்சாரத்தின் அருகில் வாழ்பவர் எவர்? எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும் அதனருகே வல்லூர் அனல்மின் நிலையமும் உள்ளன. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சுகிறது. அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்ததை மீனவர்களும் கரையோர மக்களும் அறிவார்கள். ஊரெல்லாம் ஒளி பெற்றது. சாம்பல் நம் வாசலில் விழுந்தது. ஏழையின் ஒரு பல்பை அணைத்தால் இக்குறை தீரும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பெருமளவில் செலவழிப்போர் வேறு இடங்களில் இருக்கின்றனர். அவர்களிடமும் அரசிடமும் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் யூனிட் என்றால் என்ன, வாட் என்றால் என்ன என்று தெரிந்தவன் கேட்கும் கேள்விக்குத்தான் பதில் வரும்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் எலக்ட்ரீஷியன் பிரிவில் பயின்றவர்கள் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, உங்கள் தெருவில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குச் செல்லுங்கள். எந்த மூலையில் படிக்கிறார்கள், எந்த விளக்கில் படிக்கிறார்கள் என்று பாருங்கள். பொருந்தாத டிம்மர் இருந்தால் கழற்றுங்கள். அரித்த ஹோல்டர் இருந்தால் மாற்றுங்கள். பெட்டியில் உள்ளதைத் தாய்மார்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பேச்சாளர்கள் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது பெரிய கல்விப்பணி ஆகும்.

நம் மூத்தோர் எழுத்தறிவதற்கே போராடினார்கள். எழுத்தறிந்த நாம், வாங்கும் பொருளின் மேலுள்ள எழுத்தையேனும் படித்துவிட்டு வாங்குவோம். இச்சங்கம் பொன்விழா காணும் நாளில், விளக்கில்லாமல் தெருவில் உட்கார்ந்து படித்த பிள்ளை நம் பகுதியில் ஒருவரும் இல்லை என்ற நிலை வரவேண்டும்.